பெல்ட் கட்டிய மாமரம்

எனக்கு வயது அறுபத்தெட்டு. வளர்த்த பிள்ளைகள் ஐந்து. விராலிமலைப் பக்கம் ஒரு தோப்பில் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மாமரங்களையும் சேர்த்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். எழுத்தில் எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். தண்ணீர் வேலையில் இன்றைக்கும் என் பேர்தான் முதலில் வரும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

போன கோடையில் போர் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடினாலே காற்றை இழுத்தது. மரத்திலோ நல்ல பிஞ்சு. முதலாளித் தம்பி சொல்லிவிட்டார்: "ஆத்தா, காய் எறக்குற வரைக்கும் இந்தத் தண்ணி வரணும். இல்லேன்னா தோப்பை பிளாட் போட்டுருவேன்."

அதற்காக ஒரு கருவி வாங்கி வந்து, நடுத்தோப்பில் ஒரு மரத்தண்டில் பெல்ட் மாதிரி கட்டினார். வெயிலில் மரம் மயிரிழை இளைக்கும். இரவில் பழையபடி பருக்கும். பருக்காவிட்டால் தாகம். அதை பெல்ட் அளந்து தம்பியின் போனில் சொல்லும். அன்றைக்குத்தான் மோட்டார்.

நாள் போனது. போன் தண்ணீர் கேட்கவில்லை. ஓரத்து மரங்களில் பிஞ்சு உதிர ஆரம்பித்தது.

"தம்பி, எலை சுருளுது. மோட்டாரைப் போடவா?"

"தாகம் இல்லைன்னு போன்ல வருதே ஆத்தா."

"போனுக்கு இல்ல. மரத்துக்கு இருக்கு."

கூட வேலை பார்க்கும் பாக்கியம் குறுக்கே பேசினாள். "சுவிச்சைத் தொடாட்டி ஒனக்குக் கை அரிக்குமே."

மத்தியானம் தம்பியும் எங்களோடு சாப்பிட்டார். அடர்ந்த நிழல் பெல்ட் மரத்துக்குத்தான். எங்கள் சாப்பாடு எப்போதும் அங்கேதான். எழுந்தவர் மரத்தடியிலேயே கை கழுவினார். களை வெட்டும் ஆட்கள் முகம், கால் கழுவினார்கள். பாக்கியம் தூக்குச்சட்டியை அலசி ஊற்றினாள். குடிதண்ணீர் டிரம்மில் மிச்சமிருந்ததை, வழக்கம்போல, நான் வேரில் கவிழ்த்தேன்.

தம்பி அப்படியே நின்றார். "எத்தனை நாளா இங்கன ஊத்துறீங்க?"

"தோப்பு வச்சதுலேருந்து," என்றாள் பாக்கியம். "நீங்களுந்தான் தம்பி."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கருவி பொய் சொல்லவில்லை. வயிறு நிறைந்த மரத்தைக் கேட்டால் அது வேறென்ன சொல்லும்?

பெல்ட்டைத் தெற்கு ஓரத்து மரத்துக்கு மாற்றினோம். ரெண்டொரு நாளில் போன் தண்ணீர் கேட்டது. கேட்டபோது மட்டும் பாய்ச்சினோம். உதிர்ந்தது போக மிச்சப் பிஞ்செல்லாம் நின்றது. காய் இறக்கும் வரை போரும் தாங்கியது. பிளாட் பேச்சு அதோடு நின்றது. என் வழக்கப்படி பாய்ச்சியிருந்தால் போர் பாதியிலேயே வற்றியிருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதிதாகக் கருவி கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த மரத்தடியில் யார் சாப்பிடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

எங்க, வாசி பாப்போம் தாயி. பாக்கியம் பேசுற எடத்தை மட்டும் கொஞ்சம் வெரசா வாசி.