கல்யாணம் ஆனவர்களுக்கு இங்கே ரூம் கிடையாது

போன வருஷம் மழைக்காலம் தொடங்கியிருந்த சமயம், ஒரு திங்கட்கிழமை காலை. மைசூரில் சரஸ்வதிபுரத்தில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு, வானம் மூடிக்கொண்டு வருகிறதே, போட்ட கையோடு எடுக்க வேண்டுமோ என்று அலுத்துக்கொண்டே கீழே வந்தால், கேட் திறந்து கிடக்கிறது. என் நாத்தனாரைக் காணோம்.

நாத்தனார் என்றதும் ஏதோ சண்டைக் கதை சொல்லப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். சண்டையும் உண்டுதான், அது எந்த வீட்டில் இல்லை? என் கணவரின் அக்கா அவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுபது வயதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் டெலிபோன் ஆபீஸில் வேலை, சாயங்காலமானால் நாடக ஒத்திகை, தனி வீடு, தன் சமையல் என்று ஜம்மென்று இருந்தவர். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று உறவுக்காரர்கள் துளைத்தால், "எனக்கு நேரம் கிடைக்கலை, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார். முப்பது வருஷமாக அதே பதில்.

நாலு வருஷத்துக்கு முன்னால்தான் மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, அப்புறம் பேர்கள், அப்புறம் அடுப்பில் வைத்த பால். டாக்டர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பேர் சொன்னார். இனிமேல் தனியாக விடக் கூடாது என்று என் கணவர் போய் அழைத்துவந்துவிட்டார். இங்கே வந்தும் அவருக்குக் கன்னடம் ஒட்டவில்லை. எதிர்வீட்டு அம்மா "ஊட்டா ஆய்தா?" என்று, அதாவது சாப்பாடு ஆச்சா என்று கேட்டால்கூட, என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

முக்கியமான ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அக்கா ஒரு டி.வி. தொடரில் நடித்திருக்கிறார். தொண்ணூறுகளில், கேபிள் அப்போதுதான் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த நேரம். பேரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. இரண்டு மூன்று மாதம் ஓடியிருந்தால் அதிகம். கதை இதுதான்: சென்னையில் வேலைக்கு வந்த கல்யாணமாகாத பிள்ளைகளும் பெண்களும் வீடு கிடைக்காமல் அல்லாடுவார்கள். எல்லா வீட்டுக்காரரும் குடும்பஸ்தருக்குத்தான் வீடு என்பார்கள். ஒரே ஒரு வீட்டுக்கார அம்மா மட்டும் தலைகீழ். கல்யாணம் ஆனவர்களுக்கு அவர் வீட்டில் இடமே கிடையாது. அந்த வீட்டுக்கார அம்மாதான் எங்கள் அக்கா. ஒவ்வொரு வாரமும் யாராவது ரூம் கேட்டு வருவார்கள், அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். கல்யாணம் ஆச்சா? சமைக்கத் தெரியுமா? குளிக்கும்போது பாடுவீங்களா? சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் விளம்பரம் கிடைக்கவில்லை என்று திடீரென்று நிறுத்திவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவரை யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை.

சரி, அன்றைக்கு வருகிறேன். தெருவின் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தேன். கோவில், பூங்கா, மளிகைக் கடை, எங்கேயும் இல்லை. அவருடைய செல்போன் டி.வி. மேலேயே இருக்கிறது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் இளநீர் விற்பவரிடம் கேட்டால், "அஜ்ஜி ஆகலே பஸ் ஹத்தித்ரு மேடம்" என்கிறார். பாட்டி அப்போதே பஸ் ஏறிவிட்டார்களாம். எங்கள் ஊரில் பெண்களுக்கு பஸ்ஸில் காசு வாங்குவதில்லை. ஆதார் கேட்டிருக்க வேண்டும், வயதான அம்மா என்று கண்டக்டர் விட்டிருப்பார். எத்தனையோ முறை நானே வாயாரப் புகழ்ந்த ஏற்பாடு அது, அன்றைக்கு மட்டும் ஏன்தான் வந்ததோ என்றிருந்தது. கையில் காசில்லாமல் இவர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாமே.

கணவருக்கு போன் செய்தேன். அவர் ஆபீஸிலிருந்து அடித்துப் பிடித்து ஓடிவந்தார். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கொடுத்தோம். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். சிட்டி பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு கண்டக்டரிடமும் போட்டோவைக் காட்டினோம். மழை வேறு பிடித்துக்கொண்டது. அக்காவுக்கு சர்க்கரை உண்டு, காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி. எங்காவது மயங்கி விழுந்து கிடந்தால்? தன் பேரையாவது சொல்லத் தெரியுமா? என் கணவர் தேடிய பஸ்ஸிலேயே திரும்பத் திரும்ப ஏறித் தேடினார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பத்து வயதில் அம்மாவை இழந்தவர் அவர், அக்கா சம்பளத்தில் படித்தவர்.

மத்தியானம் இரண்டு மணியைத் தாண்டியிருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் பெண்ணிடமிருந்து போன்.

"அம்மா, அத்தை கிடைச்சாச்சு. நஞ்சன்கூடு பஸ் ஸ்டாண்டுல இருக்காங்க. நல்லா இருக்காங்க. நீ முதல்ல உட்காரு" என்றாள்.

நான் பஸ் ஸ்டாண்ட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் போனைப் பிடுங்கிக் கேட்டார். எங்களுக்கே தெரியாத விஷயம் இவளுக்கு எப்படித் தெரிந்தது? அவள் சொன்னதை நம்பவே முடியவில்லை. அக்கா பத்திரமாக வைத்திருந்த ஒரு பழைய வீடியோ கேசட்டிலிருந்து அந்தத் தொடரின் ஒரு பாகத்தை எடுத்து, அத்தை பிறந்தநாளுக்காக இவள் இன்டர்நெட்டில் போட்டிருந்தாள். மொத்தமே நாற்பது ஐம்பது பேர் பார்த்திருப்பார்கள், அதில் பாதி நாங்கள்தான். அந்த வீடியோவுக்குக் கீழே யாரோ ஒருவர் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகத் தட்டிவிட்டிருக்கிறார். இதைப் போட்டவர் யார், இதில் வீட்டுக்காரராக வரும் அம்மா இப்போது நஞ்சன்கூடு பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், உடனே கூப்பிடுங்கள் என்று. கூடவே போன் நம்பர்.

நஞ்சன்கூட்டுக்குக் காரில் முக்கால் மணி நேரம்; வழியெல்லாம் அந்த நம்பரில் பேசிக்கொண்டே போனேன். எடுத்தது ஒரு பெண்மணி. தமிழ்நாட்டு எல்லையோரம், தமிழ் பேசுகிற ராமாபுரம் பக்கத்துக்காரர். நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை, லீவில் ஊருக்குப் போக பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்.

"பதறாதீங்க, மெதுவா வாங்க. அம்மா டீ குடிச்சாங்க, பன்னு தின்னாங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேனுங்க" என்றார். அந்த "ங்க"வைக் கேட்டபோது எனக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

நடந்தது என்னவென்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. அக்கா சிட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, போவோர் வருவோரிடம் எல்லாம் "கோவில் பின்தெருவுக்கு எந்த பஸ்?" என்று கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை, வயதான அம்மா, கோவில் என்கிறார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், நஞ்சன்கூடு சிவன் கோவில். யாரோ ஒரு புண்ணியவான் கையைப் பிடித்து நஞ்சன்கூடு பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவும் வைத்துவிட்டார். அங்கே இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் கோவிலைச் சுற்றி எல்லாத் தெருவிலும் அக்காவை வைத்துக்கொண்டு வீடு தேடியிருக்கிறார். "மாடிப்படி வெளிப்பக்கம் இருக்கும், பச்சைக் கதவு" என்று அக்கா அடையாளம் வேறு சொல்லியிருக்கிறார். எங்கே கிடைக்கும்? கோவில் பின்தெருவும் பச்சைக் கதவும் அந்தத் தொடரில் வரும் வீடு. செட்டு போட்ட வீடு.

அலைந்து களைத்த ஆட்டோக்காரர், பாவம், பஸ் ஸ்டாண்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து அங்கிருந்த கான்ஸ்டபிளிடம் சொல்லியிருக்கிறார். கான்ஸ்டபிள் அரைகுறைத் தமிழில் பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்க, அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும், உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டாராம். அவர் சிரித்துக்கொண்டே "ஆச்சம்மா, ரெண்டு மகளு" என்றிருக்கிறார். "அப்போ உங்களுக்கு இங்கே ரூம் கிடையாது, கிளம்புங்க" என்றாராம் அக்கா.

பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்மணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டதாம். குரல் தெரிந்த குரல். முகத்தை உற்றுப் பார்த்தால், அதே அம்மா. கான்ஸ்டபிளிடம் ஜாடை காட்டிவிட்டு நேராக அக்கா முன்னால் போய் நின்று, "ஏனுங்கம்மா, மேல ரூம் காலியா இருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதுவரை யார் கொடுத்த தண்ணீரையும் தொடாத அக்கா, அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, டீயைக் குடித்துக்கொண்டே வீட்டு விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாராம். அந்தப் பெண்மணி அவற்றைக் கேட்டுக்கொண்டே ஒரு கையால் போனில் தொடரின் பேரைத் தட்டித் தேடி, எங்கள் வீடியோவைப் பிடித்திருக்கிறார். கான்ஸ்டபிளும் மைசூருக்குத் தகவல் சொல்லிவிட்டு அங்கேயே காவல் நின்றிருக்கிறார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. சிமென்ட் பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருக்கிறார். புடவை ஓரம் நனைந்திருந்தது, மற்றபடி ஒரு கீறல் இல்லை. நான் அவரைக் கட்டிக்கொள்ள ஓடினேன். என் கணவர், "அக்கா, வா வீட்டுக்குப் போகலாம்" என்று கையைப் பிடித்தார். அக்கா கையை உதறினார்.

"யார் நீங்க? ரூம் கேட்டு வந்துட்டு என் கையைப் பிடிக்கறீங்களே" என்றார்.

என் கணவரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தப் பெண்மணி அவர் பக்கம் சாய்ந்து, "சார், கல்யாணம் ஆகலைன்னு சொல்லுங்க. இல்லாட்டி அம்மா அசைய மாட்டாங்க" என்றார் மெதுவாக. அறுபதை நெருங்கும் மனிதர், அரைத் தலை வழுக்கை, பக்கத்தில் நான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைம்மா" என்றார். கான்ஸ்டபிள் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "சமைக்கத் தெரியுமா?"

"தெரியாது." அதில் மட்டும் பொய் இல்லை.

"கத்துக்கணும். பாட்டு?"

"பாட மாட்டேன்."

"சரி" என்றுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ? உனக்குக் கல்யாணம் ஆச்சா?"

இவர் யாரென்றே எனக்குத் தெரியாது, நான் தனியாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காலையிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை பேர் நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுகிறேன்.

அக்கா சட்டென்று எழுந்து வந்தார். நனைந்த முந்தானையால் என் கண்ணைத் துடைத்தார். "எதுக்கும்மா அழறே? யாராவது இடமில்லைன்னு சொல்லிட்டாங்களா? என் வீட்டுல உனக்கு ரூம் இருக்கு. வா, போகலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவரே காரை நோக்கி நடந்தார். நடிக்கிற தோரணை அதில் துளியும் இல்லை.

அந்தப் பெண்மணியை ஊரில் கொண்டுபோய் விடுகிறோம் என்று எவ்வளவோ சொன்னோம். கேட்கவில்லை. அடுத்த பஸ் வந்துவிடும் என்றார். கிளம்பும்போது கார் ஜன்னலருகே வந்து என்னிடம் சொன்னார்:

"பெங்களூர்ல கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனப்ப எனக்குப் பத்தொம்பது வயசுங்க. ஹாஸ்டல்ல பெரிய ஹால்ல ஒரே டி.வி. ஊர்ல திரும்பி வா, கட்டிக் குடுக்கறோம்னு நச்சரிப்பு. தெனமும் அழுதுட்டே தூங்குவேன். வாரம் ஒருக்கா இந்த அம்மா வந்து உனக்கு ரூம் இருக்குன்னு யார்கிட்டயோ சொல்லுவாங்க. எனக்குச் சொன்ன மாதிரியே இருக்குமுங்க. திடுதிப்புன்னு நிறுத்திட்டாங்க. அம்மாவுக்கு என்ன ஆச்சோன்னு எத்தன நாள் நினைச்சிருக்கேன்."

ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். சரஸ்வதிபுரத்துக்குள் கார் நுழைந்ததும் விழித்துப் பார்த்து, "டேய், துணி மாடியிலேயே நனையுதுடா" என்றார் என் கணவரிடம். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முதுகு குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

இப்போது கேட்டுக்கு உள்பூட்டு இருக்கிறது. அக்கா கழுத்துச் சங்கிலியில் எங்கள் போன் நம்பர் பொறித்த டாலர் தொங்குகிறது. ராமாபுரத்துக்காரர் லீவு நாளில் எப்போதாவது வந்து, அக்காவிடம் ரூம் விசாரித்துவிட்டு, என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். மறதி கூடிக்கொண்டுதான் போகிறது. என் பேர் அவருக்கு இப்போது பாதி நாள் நினைவிருப்பதில்லை. முன்பெல்லாம் அதற்கு மனசு உடைந்துபோகும். ஆனால் தன்னையே தொலைத்துவிட்டு நின்ற நேரத்தில்கூட, யாரென்று தெரியாத என்னை அவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் பார்த்தார் என்பதை நினைத்துக்கொண்டால், பேரில் என்ன இருக்கிறது என்று எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.