பூஞ்சைக்காரரின் கத்தி

ஆய்வுக்கூடத்தில் பூஞ்சைக்காரரைப் போலச் சுத்தம் பார்க்கிற ஆள் கிடையாது. வனிலாக் கொடியை அழுகவைக்கும் பூஞ்சைதான் அவருக்குப் பிழைப்பு. ஒவ்வொரு முறையும் கத்தியை ஸ்பிரிட் விளக்கில் காட்டிவிட்டுத்தான் எதையும் தொடுவார். பக்கத்தில் யாராவது தும்மினால் தொலைந்தார்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளைப் பூசணம். மரபணுவைப் பிரித்துப் பார்த்து, எது எதற்குப் பங்காளி, எது அந்நியம் என்று மனுஷர் புட்டுப்புட்டு வைப்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கொல்லையிலேயே வனிலாக் கொடி அழுகியது. மனைவி பூப்பூவாய்க் கையால் மகரந்தம் தொட்டுவைத்து வளர்த்த கொடி. தன் தங்கை கொடுத்த கொடித்துண்டுதான் நோயைக் கொண்டுவந்தது என்று அவள் முடிவு கட்டி, முகத்துக்கு நேரே கேட்டும்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. பூஞ்சைக்காரருக்கு வீடே வெறிச்சோடிப்போனது. அக்காளும் தங்கையும் போனில் பேசிச் சிரிக்கிற சத்தத்தில் மதியம் கண்ணயர்ந்து பழகியவர் அவர்.

"நீங்கதான் பெரிய ஆளாச்சே, சோதிச்சுச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

தங்கை வீட்டிலும் ஒரு கொடி அழுகியிருந்தது. இரண்டையும் எடுத்துப்போய்ப் பார்த்தார். இரண்டு பூஞ்சைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்பாடா என்று எழுந்தவர், கை சும்மா இருக்காமல், ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவைத்திருந்த மற்ற பூஞ்சைகளோடும் ஒப்பிட்டார். மலைத் தோட்டத்தில் அழுகிய கொடியிலிருந்து அவரே வெட்டிவந்தது அச்சு அசலாக வீட்டுப் பூஞ்சையாகவே இருந்தது. அங்கிருந்து திரும்பிய சாயங்காலம்தான் மனைவி கொடியின் நுனியை வெட்டிவிடச் சொன்னாள். பையிலிருந்த அதே கத்தியைத் துடைக்கக்கூட இல்லாமல் நறுக்கென்று வெட்டினார். வீட்டில் ஏது ஸ்பிரிட் விளக்கு?

தங்கை கொடி காரணமில்லை என்று பாதியை மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவள் அடுத்து யார் தலையை உருட்டுவாளோ? சமையலறை வாசலில் போய் நின்றார்.

"உன் தங்கச்சி மேல தப்பில்ல. என் கத்தியிலதான் வந்துச்சு."

மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். அவர் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றார். அவளோ போனை எடுத்தாள். தங்கையின் குரல் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடியே, நான்தான் தப்பாப் பேசிட்டேன். ஆள் அகப்பட்டாச்சு, வீட்டுக்குள்ளயேதான் இருக்கார். கிளம்பி வா, சேந்து கேப்போம்."

தங்கை வந்தாள். இருவரும் சேர்ந்து தன்னைக் காய்ச்சி எடுக்கிற சத்தத்தில், பூஞ்சைக்காரர் நாற்காலியிலேயே நிம்மதியாகத் தூங்கிப்போனார்.