அலுமாரியில் இல்லாத ஃபைல்

"சட்டம் படிச்சி என்ன கிழிக்கப் போறாய் புள்ள? கடைசியில சோறுதானே ஆக்கப் போறாய்."

நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான அன்று, கல்முனையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று மாமி சொன்னது இது. மாமி என்றால் வாப்பாவின் தங்கை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அந்தப் பேச்சு என் மனதில் முள்ளாகவே இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, நான் விடுதிக்குப் புறப்பட்ட நாள். மறுநாள் காலை பதிவு. மூலப் பத்திரங்கள் இல்லாமல் பதிய மாட்டார்கள். கொழும்பு பஸ் பகல் இரண்டு மணிக்கு. வாப்பா கட்டாரில். உம்மா அயல் வீடுகளுக்குப் பயணம் சொல்லப் போயிருந்தார். மாமிதான் என் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினார்.

பத்திரங்களைக் கடைசியாக வைக்கலாமென்று அலுமாரியைத் திறந்தேன். ஃபைல் இல்லை. பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, எல்லாம் அதற்குள்தான். மெத்தையைப் புரட்டினேன். மணி பன்னிரண்டரை.

"நீங்கதான் ஒளிச்சி வெச்சிருக்கீங்க. நான் போறது உங்களுக்குப் புடிக்கல்ல" என்றேன்.

மாமி, தான் அடுக்கிய உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, என் முன்னால் உதறிக் காட்டினார். பெட்டி வெறுமையானது.

அப்போது உம்மா வந்தார். கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"சாச்சிட வீட்ட குடுத்து வெச்சநான், மகள்."

சுனாமியில் எல்லாப் பத்திரங்களையும் பறிகொடுத்தவர் உம்மா. கடல் கொஞ்சம் இரைந்தாலும் ஃபைலை, கடலுக்கு எட்டத்தில் சம்மாந்துறையில் இருக்கும் தன் தங்கையிடம் கொடுத்துவிடுவார். போன வாரமும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகாதவர், தெரிவானதோடு பத்திரத்தின் வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறார்.

உம்மாவும் நானும் ஆட்டோவில் பறந்தோம். சாச்சி போன் எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. அயலவர்கள் சாச்சியைத் தேடிப் பிடித்து அழைத்துவர, நெல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஃபைல் வெளியே வந்தபோது இரண்டுக்குப் பத்து நிமிடம். இனிக் கல்முனைக்குத் திரும்பிப் பயனில்லை. வீதியோரம் உட்கார்ந்து அழத் தொடங்கினேன்.

போன் அடித்தது. மாமி.

"நீ வராத. பஸ் அந்தப் பக்கத்தாலதான் வரும். சாமானோட நான் ஏறிட்டன். றோட்டுல நில்லு."

டிரைவர் நிறுத்துவானா, மாட்டானா? தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கையை நீட்டினேன். கடைசியில் ஒரு பஸ் வேகம் குறைந்தது. மிதிபலகையில் மாமி நின்று கண்டக்டரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். என் பெட்டி மறுபடி நிறைந்திருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஏறு புள்ள, அவன் எடுக்கப் போறான்."

அவர் இறங்க, நான் ஏற, பஸ் நகர்ந்துவிட்டது.

முதல் விடுமுறையில்தான் மாப்புக் கேட்க முடிந்தது. மாமி சிரித்தார். "வக்கீல்மார் அப்படித்தான் கேப்பாங்க எண்டு நினைச்சன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது இறுதி வருடம். சட்டம் படிக்கப் போன நாளிலேயே, விசாரிக்காமல் ஒருவரைக் குற்றவாளியாக்கியவள் நான். அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை. போன மாதம் இலவச சட்ட உதவிக் குழுவில் சேர்ந்தேன். கைக்கு வந்த முதல் முறைப்பாட்டில் ஒரு வரி எழுதுவதற்கு முன்பு, பழி சுமத்தப்பட்ட பெண்ணுக்குப் போன் எடுத்து, அவர் சொல்வதைக் கடைசிவரை கேட்டேன்.