நூற்றுப் பன்னிரண்டாவது பெயர்

சபை வரலாற்றைத் தையல்கார அக்காவிடம் எழுதச் சொன்னது தப்பு. சொன்னவர்களுக்கு அது தெரியாது, அவளுக்குத் தெரியும். சின்ன ஊர், சின்ன பாப்டிஸ்ட் சபை, எண்பதாவது ஆண்டு விழா. நாலு வரி ஒழுங்காக எழுதத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்க்கா" என்று பாஸ்டர் ஐஸ் வைத்தார். அங்கத்தினர் பதிவேட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று நாளாகத் தையல் மிஷின் ஓடவில்லை. 

தொடக்கம் சுலபமாக வந்தது. எட்டுக் குடும்பம், ஒரு பழைய கிடங்கு, பிரசங்க மேடைப் பலகைக்கு அடியில் ஒரு தொட்டி. குழந்தைக்குத் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கிற வேலை அங்கே கிடையாது. வளர்ந்த ஆள் தன் வாயால் விசுவாசத்தைச் சொல்ல வேண்டும், தலை முழுக முங்கி எழ வேண்டும். அப்புறம்தான் அங்கத்தினர். அப்புறம்தான் சபைக் கூட்டத்தில் ஓட்டு.

நூற்றுப் பன்னிரண்டாவது பெயர் அவளுடையது. பக்கத்தில் தேதி. அந்தத் தேதி பொய்.

அன்றைக்கு முழுக்குக்கு மூன்று பேர். பழைய செயலாளர் அவசரக்காரர். முந்தின நாளே மூன்று பெயரையும் ஏட்டில் ஏற்றிவிட்டார். இரண்டு பேர் முங்கினார்கள். அவள் இறங்கும்போது தொட்டியின் அடைப்பு கழன்று, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா" என்றார் அன்றைய பாஸ்டர். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் கேட்க வெட்கம். அந்த வெட்கம் நாற்பது வருஷம் ஓடியது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், நகரத்துப் பெரிய சபையோடு சேரலாமா என்று ஓட்டு வைத்தார்கள். சேரவேண்டும் என்று தொண்டை கிழியப் பேசியவன், லாரி ஓட்டுகிற அவளுடைய அண்ணன். வேண்டாம் என்று முப்பத்தொரு கை, வேண்டும் என்று முப்பது. அந்த முப்பத்தொன்றில் ஒன்று அவளுடையது. அண்ணன் பாதிச் சபையைக் கூட்டிக்கொண்டு வெளியே போனான். அன்றோடு பேச்சு நின்றது.

வரலாற்றை எழுத முடியாமல் அவள் இப்போதைய பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவருக்கு வியர்த்துவிட்டது. "பாத்தவங்க யாரும் இப்ப இல்லக்கா. வர்ற புதன்கிழமை கதவச் சாத்திட்டு சத்தமில்லாம முழுக்கு குடுத்துடறேன்."

"திருட்டு முழுக்கா பாஸ்டர்? ஒரு பொய் போதாதா?"

சபை தள்ளிவிட்டால் எங்கே போவது? அவளுக்கு வேறு கூட்டம் கிடையாது. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை.  ஆனாலும் விழாவன்று எழுந்து நின்று வாசித்தாள். விருந்தாளியாகக் கடைசி வரிசையில் அண்ணன்.

"அன்னைக்கு முழுக்கு எடுத்தவங்க மூணு பேர் இல்ல. ரெண்டு பேர். நான் எடுக்கல."

 முன் வரிசையிலிருந்த மெக்கானிக் ஒருவர் எகிறினார்: "அப்ப அந்த ஓட்டு?"

பாஸ்டர் அங்கேயே சபைக் கூட்டம் போட்டார். அவளை முழுக்குக்கு ஏற்பதா வேண்டாமா என்று முதலில் கை தூக்கவேண்டும். அங்கத்தினர் அல்லாதவர்கள் வெளியே. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளும் வெளியே.

வாசல் பெஞ்சில் அண்ணன் ஏற்கனவே உட்கார்ந்திருந்தான்.

"என்னடி, உன்னையும் தொரத்திட்டாங்களா?"

"ஆமா."

"ஒரே ஒரு ஓட்டுல தோத்தேன். அதுவும் கள்ள ஓட்டு."

"தெரிஞ்சேதான் போட்டேன்ண்ணே."

"கையத் தூக்கறப்ப உனக்கு நடுங்குச்சு. பாத்தேன். அண்ணன எதுத்துப் போடுற பயம்னு நெனச்சேன்."

"அந்தப் பயமும்தான்."

உள்ளே யாரோ கத்தினார்கள், யாரோ அடக்கினார்கள். பிறகு சத்தமே இல்லை. அது இன்னும் மோசம். அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அண்ணன் கதவையே பார்த்தான்.

கதவு திறந்தது. மெக்கானிக் தலையை நீட்டினார். "அக்கா, உள்ள வாங்க. முழுக்குக்கு சபை ஒத்துக்கிடுச்சு. பழைய ஓட்டு சமாச்சாரத்த அடுத்த கூட்டத்துல பேசலாம்னு முடிவு. நாலு பேருதான் நீங்க வேணாம்னு கை தூக்கினாங்க."

 அண்ணன்தான் முதலில் எழுந்தான்.

"யாருய்யா அந்த நாலு பேரு?"