இரண்டு ஆடிகளுக்கு நடுவே ஒரு வீடு

மைசூரில் ஆடி இரண்டு முறை வருகிறது. முதலில் வருவது கன்னடக்காரர்களின் ஆஷாடம். நான் இங்கே வேலைக்கு வந்த முதல் வருடம், பக்கத்து மேசைத் தோழி, திருமணமாகி நான்கு மாதமே ஆனவள், ஜூன் கடைசியில் ஒரு காலை பெட்டியுடன் அலுவலகம் வந்தாள். ஆஷாடம் பிறக்கிறது, சாயங்காலம் நேராக அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். பவானியில் என் அம்மா அப்போது ஆனி மாதக் கல்யாணங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். தோழி கணவன் வீட்டுக்குத் திரும்பியபோது எங்கள் ஆடி பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. அமாவாசையை வைத்து அவர்கள் மாதத்தை எண்ணுகிறார்கள், சூரியனை வைத்து நாம். அன்று அதைச் சிரித்துக் கடந்தேன். அதில் ஒரு வீடு மாட்டிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை.

நான் தரப் பரிசோதனைப் பொறியாளர். தொழிற்சாலையில் எதையும் பட்டியல் போட்டுத்தான் பார்ப்பேன்; வீட்டையும் அப்படியே பார்த்தேன். மைசூருக்குள் என் சம்பளத்துக்கு எட்டியவை இருட்டான இரண்டு அறைகள் மட்டுமே. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அப்பால், காவிரிக் கரையில், மைசூருக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் குடியிருக்கும் சின்ன லேஅவுட் ஒன்றில் ஒரு வீடு விலைக்கு வந்தது. காலை ரயில், இல்லாவிட்டால் ஸ்கூட்டரில் அரைமணி நேரம். என் பட்டியலில் முப்பத்தொரு கேள்விகள் இருந்தன. அணை திறந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்பது முதல் கேள்வி. படித்துறையில் துணி துவைத்த பெண்களிடம் கேட்டேன். ஒருத்தி தன் இடுப்பைக் காட்டி, பிறகு தள்ளியிருந்த பம்ப் ஷெட்டின் சுவரைக் காட்டினாள். கறை அங்கே இருந்தது. வீடு அதற்கு நன்றாக மேலே இருந்தது. பின்கதவைத் திறந்தால் ஆறு.

"தமிழ்நாட்டுக்காரி காவேரிக் கரையிலயா? தைரியம்தான்" என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். ஊரில் மாமாவும் அதையே வேறு குரலில் சொன்னார்: "தண்ணிக் கலாட்டா வந்தா மொதக் கல்லு உன் ஊட்டு மேலதான்." பந்த் நாள்களில் டிஎன் எண் போட்ட ஸ்கூட்டரை வெளியே எடுக்காதவள் நான், ஆபத்து எனக்குத் தெரியாததில்லை. ஆனால் ஆறு வருடமாக வரி கட்டுகிறேன், எழுத்துக்கூட்டிக் கன்னடம் படிக்கிறேன், இங்கே வேலை செய்து இங்கேயே சாப்பிடுகிறேன். கரையில் நிற்க இதற்கு மேல் யாருடைய அனுமதி வேண்டும்?

வீட்டுக்காரம்மா ஜெயம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. தரகர் மாதேவன் கொள்ளேகாலத்துத் தமிழர். முதல் நாளே ஜெயம்மா என் பின்னால் எட்டிப் பார்த்து, "யஜமான்ரு எல்லி?" என்று கேட்டார். கணவர் எங்கே என்று அர்த்தம். வரவில்லை என்றேன். அவர் முகம் கனிந்தது. "ஓ, ஆஷாட அல்வா... அய்யோ பாப", ஆஷாடமல்லவா, பாவம் என்று என் கையைத் தட்டிக்கொடுத்து, தட்டில் இன்னும் இரண்டு பலாச்சுளை வைத்தார். ஆஷாடத்துக்காகப் பிரித்து வைக்கப்பட்ட புதுப்பெண் என்று நினைத்துவிட்டார். திருத்த வாயெடுத்தேன். சுளை நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன்.

வங்கி கடனுக்குச் சரி சொன்னபோது இன்னும் ஆனி முடியவில்லை. "ஆனிக்குள்ளயே பத்திரத்தப் போட்டுரு அம்முணி, ஆடி பொறந்துட்டா ஆவாது" என்றாள் அம்மா. மாதேவனிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "ஏனுங் மேடம், ஆஷாடத்துல அவிய பேனாவையே தொடமாட்டாங்கோ. முடியட்டும்னு ஒரே சொல்லாச் சொல்லிட்டாங்கோ." ஆஷாடம் முடிந்தபோது எங்கள் ஆடி பிறந்திருந்தது. ஜெயம்மாவின் மகன் ஹூப்ளியிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்தார். அவர் கையெழுத்தும் வேண்டும். அதற்குள் முடிக்காவிட்டால் வீடு ஒரு பெங்களூர்த் தம்பதிக்கு, அவர்கள் காத்திருந்தார்கள். இப்போது அம்மா, ஆவணி வரட்டும் என்றாள்.

அம்மாவின் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் சொந்த வீட்டில் இருந்ததே இல்லை. பவானியிலேயே ஆறு வாடகை வீடுகள். எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது ஒரு வீட்டுக்காரர் ஆடி மாதத்தில் காலி செய்யச் சொன்னார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அவர் கேட்கவில்லை. தட்டுமுட்டுச் சாமான்களோடு ஆடியில் புதுவீடு போனோம். ஐப்பசியில் அப்பா ஓட்டிய லாரி கவிழ்ந்தது. அப்பாவின் வலது காலில் இன்றும் கம்பி இருக்கிறது. லாரி கவிழ்ந்ததற்குத் தேய்ந்த டயர் காரணம். அது அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் அது ஆடி.

ஆடிப் பதினெட்டு நினைவுக்கு வந்தது. ஆடியிலும் தப்பில்லாத ஒரு நாள். காவிரிக்கே உரிய நாள். அம்மா யோசித்து, "நோம்பியன்னிக்குன்னா சரி. ஆத்தா பாத்துக்குவா" என்றாள். பதிவு அலுவலகத்தில் அன்றைக்கே நேரம் கிடைத்தது. காலை பத்து மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்: நான், ஜெயம்மா, மகன், மாதேவன். சர்வர் வேலை செய்யவில்லை. மதியமும் இல்லை. நான்கரைக்கு எழுத்தர் வெளியே வந்து, "நாளெ பன்னி" என்றார். நாளைக்கு வரச் சொல்கிறார். நாளை இரவு ரயிலில் மகன் ஊருக்குத் திரும்புகிறார்.

வாசலில் நின்றே அம்மாவை அழைத்தேன்.

"பத்தொம்பதா? வேண்டாம். போனாப் போவுது அந்த ஊடு."

"போகாதும்மா. நாளைக்குப் போடறேன்."

"உங்கப்பன் கால மறந்துட்டியா?"

"மறக்கல. அது டயரும்மா."

"போட்டுக்க. ஆனா நா அந்த ஊட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன். சத்தியம்" என்று வைத்துவிட்டாள்.

என் பட்டியலில் அதற்கு இடமில்லை. பொய் சொல்லியிருக்கலாம், ஆடிப் பதினெட்டிலேயே முடிந்துவிட்டது என்றால் அம்மாவுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் சொந்த வீட்டுக்குள் ஒரு பொய்யோடு குடிபோக எனக்கு விருப்பமில்லை. அம்மா வராத வீடு வேண்டுமா என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டேன். அம்மாவின் வாழ்க்கையில் எல்லா வாசல்களும் வேறு யாரோ திறந்து மூடியவை. ஒரு வாசலையாவது நாங்கள் பூட்டவும் திறக்கவும் வேண்டும். அதற்கு அவள் கோபம்தான் விலை என்றால் அதைத் தாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் சர்வர் வேலை செய்தது. பத்திரம் கன்னடத்தில் இருந்தது. விரல் வைத்து வரி வரியாகப் படித்தேன். "மேடம், ஃபார்மாலிட்டி அஷ்டே" என்று எழுத்தர் நெளிந்தார். வெறும் சம்பிரதாயமாம். ஓதி சைன் மாடுத்தீனி, படித்துவிட்டுத்தான் கையெழுத்து என்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும். இன்னாரின் மகள், திருமணமாகாதவர் என்ற வரியை நான் சத்தமாக வாசித்தபோது ஜெயம்மா நிமிர்ந்தார். "மத்தெ யஜமான்ரு?" அப்படியென்றால் கணவர்?

"நானே யஜமான்ரு."

ஜெயம்மா வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சு அதிரச் சிரித்தார். "அந்தப் பலாச்சுளைய வாபஸ் குடுக்கச் சொல்றாங்கோ" என்று மாதேவன் மொழிபெயர்த்தார். கையெழுத்துப் போட்டேன். யாருடைய நாட்காட்டியும் பரிந்துரைக்காத ஒரு வியாழக்கிழமை அது.

ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்தேன். அப்பா வருவதாகச் சொன்னார். அம்மா பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று காலை முன்வாசலில் ஆட்டோ நின்றது. அப்பா காலை இழுத்தபடி இறங்கினார். ஜெயம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் மஞ்சள் குங்குமத்தோடு உள்ளே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சமையலறைப் பக்கம் பாத்திரச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆற்றோரச் சேற்றில் நனைந்த புடவை ஓரத்தைப் பிழிந்தபடி அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றாள். தெருமுனையிலேயே ஆட்டோவை விட்டு இறங்கி, வீட்டைச் சுற்றிவந்து பின்கதவு வழியாக ஏறியிருக்கிறாள்.

"என்ன பாக்கறே? வாசப்படியத்தான் மிதிக்கமாட்டேன்னேன். பொறவாசலுக்கு நா ஒண்ணும் சத்தியம் பண்ணல. பால் எங்க?"

மூன்று நாள் இருந்தாள். ஒருமுறைகூட முன்வாசலுக்கு வரவில்லை. கூடத்தில் ஜெயம்மாவோடு உட்கார்ந்து, இவள் தமிழிலும் அவர் கன்னடத்திலும் என் கல்யாணத்தைப் பற்றி முழுமையாகப் புரிந்துகொண்டு பேசினார்கள். கிளம்பும்போதும் பின்வழியாகவே இறங்கி, சுற்றிப்போய் ஆட்டோவில் ஏறினாள். அன்று மாலை ஆற்றுப் பக்கம் போகலாமென்று பின்கதவைத் தள்ளினேன். நகரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், வெளியே ஒரு புதுப் பூட்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கடைவீதியில் வாங்கியிருக்கிறாள் போல.

"சாவி எங்கிட்டத்தான் இருக்குது" என்றாள் போனில். "நா வாறப்பத் தொறந்துக்கறேன்."

பூட்டை உடைக்கச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டில். ஆறு தெரியத்தானே நீங்கள் வீடு வாங்கினீர்கள் என்கிறார்கள். உடைக்கப்போவதில்லை. முன்கதவுச் சாவி என் பையில் இருக்கிறது, பின்கதவுச் சாவி பவானியில். தினமும் வேலை முடிந்து வந்ததும் முன்வாசல் வழியாக இறங்கி, என் வீட்டை நானே ஒரு சுற்றுச் சுற்றி, ஆற்றுக்குப் போகிறேன்.