எலிக்காய்ச்சலும் நேர்ச்சைக் கிடாவும்

முதலில் வலித்தது கெண்டைக்கால்தான். அந்தமானில், கராச்சர்மாவில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏறி இறங்கினால் யாருக்கும் கால் வலிக்கும் என்று தைலம் தேய்த்தேன். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் கண் இரண்டும் சிவந்துவிட்டன.

“எம்மா, குடிச்சிருக்கியா?” என்றாள் மகள் ஸ்டெல்லா.

“உனக்கு ஊத்தாம குடிப்பனா, ஏட்டி?” என்றேன்.

அன்று மாலையே சிறுநீர் நின்றுபோனது.

இதே காய்ச்சலோடு படுத்திருப்பவர்களுக்கும், அவர்கள் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெரிய வார்த்தைகள் டாக்டருடையவை. அடைப்புக்குறிக்குள் இருப்பது எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் பெங்காலி டாக்டரம்மா என் கெண்டைக்காலை ஒரு விரலால் அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“கர் மே கோயி ஜான்வர் ஹை?” வீட்டில் விலங்கு ஏதும் உண்டா என்று கேட்டார்.

“ஏக் பக்ரா,” ஒரு கிடா என்றேன். “மருமகனையும் சேத்தா தோ, ரெண்டு.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் குதிகால் வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்; எலி, நாய், பன்றி, ஆடு, மாடு எதன் சிறுநீரும் கலந்த சேற்றிலிருந்து தோல் வெடிப்பு வழியாக ஏறும் கிருமி) என்றார். நான் மழையில் வெறுங்காலோடு ஆட்டுக்கொட்டில் சேற்றை வழித்தவள். கிருமியை வாசல் திறந்து கூப்பிட்டிருக்கிறேன். எந்த விலங்கிடமிருந்து வந்தது என்று கேட்டேன். சேற்றுக்கு அது தெரியாது என்றார்.

பிறகு டயாலிசிஸ் (வேலைநிறுத்தம் செய்யும் சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைக் கழுவிக் கொடுப்பது). அந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஜெபமாலை விரலில் கிடந்தது, மணி நகரவில்லை. படுத்திருக்கும் சகோதர சகோதரிகளே, இதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம். காய்ச்சலில் கிடப்பவளுக்குப் பதிலாக மற்றவர்கள் ஜெபிப்பார்கள். எனக்காகவும் ஜெபித்திருக்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாகவே.

சிறுநீரகம் மெல்ல வேலைக்குத் திரும்பியது. வீட்டுக்கு வந்ததும் கேப்டனைப் பார்க்கப் போனேன். கேப்டன் எங்கள் கிடா. தாய் செத்துப்போன குட்டியாக வந்தவனைப் பால் பாட்டில் கொடுத்து வளர்த்தேன். பாறையில் ஏறிக் கப்பலோட்டுகிறவன் மாதிரி நிற்பான், அதனால் அந்தப் பெயர். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவன் பட்டினி கிடந்தானாம். பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலைச் செடி மொட்டையாக நின்றதைப் பார்த்து, அது என்ன பட்டினி என்று புரிந்துகொண்டேன்.

ஆனால் அவனைத் தனியாகக் கட்டி, குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். முன்னால் பலா இலை குவிந்திருந்தது.

“என்ன ஏட்டி, மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாத்தாச்சா?”

ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். “அந்தோனியாருக்கு நேந்திருக்கேன்மா. நீ பொழச்சா அசனத்துக்குக் கேப்டனைத் தாரேன்னு.”

அந்தோனியார் திருநாளில் கோயில் வளாகத்தில் எல்லோருக்கும் போடும் பொதுச்சோறுதான் அசனம். நேர்ந்த ஆடுகளை அறுத்துச் சமைப்பார்கள். நானும் வருடாவருடம் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கித் தின்றவள்தான். நான் புனிதையில்லை. ஆனால் அவன் மூச்சைக் கொடுத்து என் மூச்சை வாங்கியதாக இருந்தால், இனி விடும் ஒவ்வொரு மூச்சிலும் ஆட்டு வாடை அடிக்கும். அது என்னால் ஆகாது.

நடக்கத் தெம்பில்லை. ஆட்டோ பிடித்துப் பங்குச் சாமியாரிடம் போனேன்.

“சாமி, அடுத்தவ ஆட்டை நேந்தா செல்லுமா?”

“ஆடு யாருடையது?”

“என்னுது. நேந்தவ என் மக. பொழச்சவ நான். ஆட்டுக்கிட்ட மட்டும் யாரும் கேக்கல.” அவர் பேசுமுன் தொடர்ந்தேன். “ஆட்டுக்குட்டியானவர் நமக்காகச் செத்தாச்சுன்னு பூசைக்குப் பூசை சொல்லுதிய. பெறவு எதுக்கு இன்னொண்ணு?”

“அவர் செம்மறி. உங்களுது வெள்ளாடு,” என்றார் சாமி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். “பொதுத்தீர்வை அன்னைக்கு வெள்ளாடெல்லாம் இடது பக்கம் பாட்டி.” உலகம் முடியும் நாளில் செம்மறிகள் வலப்பக்கம் மோட்சத்துக்கு, வெள்ளாடுகள் இடப்பக்கம் நரகத்துக்கு என்பது வேதம்.

“அப்பம் நானும் இடது பக்கமே நிக்குதேன். கயிறு பிடிக்க ஆளு வேணும்லா.”

இப்போது சிரித்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நேர்ச்சையை மாத்திக் குடுக்கலாம். ஆனா நேந்தவங்க கேக்கணும். நீங்க இழுத்துட்டு வந்து கேக்க வைக்கக் கூடாது.”

சாமி சொன்னதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன்; அவள் போய்க் கேட்கவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் மஞ்சளாகி, வாயில் ரத்தம் கசியக் கிடந்ததைப் பார்த்தவள் அவள். நான் பார்க்கவில்லை. கால்மாட்டில் உட்காருகிறவர்களின் நோய் வேறு. அதற்கு ஊசி கிடையாது.

அசனத்துக்கு முந்தின நாள் காலையில் எனக்கு மறுபடி காய்ச்சல்.

“பாத்தியாம்மா? அந்தோனியார்கிட்ட வெளையாடுதே நீ!” என்றாள் ஸ்டெல்லா. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிக்காமல் விட்ட கசடு எவ்வளவு என்று சொல்லும் சோதனை) முடிவு வர நேரமாகும் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்தோம்.

பயம் எனக்கும் இருந்தது. மறைக்கவில்லை. அந்த இயந்திரத்துக்கு மறுபடி கை நீட்ட யாருக்கு ஆசை?

“ஸ்டெல்லா, சாமிக்கு போன் போடுதியா?”

“ரிசல்ட் வரட்டும்மா.”

“ரிசல்ட் நல்லா வந்து நீ கேட்டா, அது பயம் போன பெறவு கேக்கது. மோசமா வந்தா நீ கேக்கவே மாட்டே. கேட்டா இப்பம் கேக்கணும்.”

“நீ செத்துப்போனா?”

“செத்தா செத்தேன். என்னைக்காவது சாகத்தானே போறேன்? அந்தப் பழியை ஒரு ஆட்டுக் கழுத்துல கட்டாதே. ஏட்டி, அந்தோனியார் என்னைச் சும்மாவே குடுத்திருந்தா? சும்மா குடுத்தவருக்கு நீ கறி குடுத்துக் கணக்குத் தீத்தா அவருக்கு எப்படி இருக்கும்?”

வெகு நேரம் அழுதாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்து, “கேப்டனுக்குப் பதிலா பூசணிக்காய்க் கூட்டு. நானே அரிஞ்சு, நானே எல்லாருக்கும் வெளம்பணுமாம்,” என்றாள்.

அதன் பிறகுதான் முடிவு வந்தது. சளிக்காய்ச்சல். கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருந்தது. பயப்பட வேண்டாம், ஆனால் சிறுநீரகம் முழுசாகப் பழையபடி ஆகாது, அவ்வப்போது பார்க்கணும் என்றார் டாக்டரம்மா. ஸ்டெல்லா கையிலிருந்த போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணும் சேர்ந்து வந்தால் தைலம் தேய்க்காதீர்கள், ஓடுங்கள். சேற்றில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள். கால் மூடும் கம்பூட்ஸ் போடுங்கள், கொட்டிலைக் காய வையுங்கள். பயத்தில் எந்த வாயில்லா ஜீவனையும் விரட்டாதீர்கள், விற்காதீர்கள், அறுக்காதீர்கள்.

என் கால் இப்போதும் கனக்கிறது. தண்ணீர் உள்ளே போவதும் வெளியே வருவதும் தனித்தனியாகத் தெரிகிறது, முன்பெல்லாம் இப்படி ஒரு உறுப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் என்று எதையும் நினைப்பதில்லை. அடுத்த சோதனை வரைக்கும் நினைக்கிறேன், அதுவே தாராளமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியை விட்டு வந்ததிலிருந்து ஸ்டெல்லா தினமும் விடிந்ததும் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். அசனம் முடிந்து பல நாள் கழித்து ஒரு காலை. கண் மூடிக் காத்துக் கிடந்தேன். கை வரவில்லை. வெளியே, “இருலே கேப்டா, வாரேன், உசுர வாங்காத!” என்று அவள் அதட்டும் சத்தம் கேட்டது. மறந்துவிட்டாள்.

என் கையை எடுத்து நானே நெற்றியில் வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. போர்வையை இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூங்கினேன்.