முள்ளுக்கு அந்தப் பக்கம் அப்பா

எங்கள் தெருவில் தறிகள் நின்றுபோன வருஷம் எனக்கு எட்டு வயது. வெண்ணந்தூரில் வாந்திபேதி பரவியிருந்தது. தெருவில் அடுத்தடுத்து இரண்டு பேர் போனதும் முனையில் கட்டை வண்டிகளைக் குறுக்கே நிறுத்தி, மேலே வேலமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். யாரும் வெளியே போகக்கூடாது, உள்ளே வரக்கூடாது. பள்ளிக்கூடம் இல்லை, சந்தை இல்லை. கோலமாவு மூட்டை கிழிந்து கொட்டியதுபோல் வாசலெங்கும் பிளீச்சிங் பவுடர் வெள்ளையாய்க் கிடந்தது. தறிச் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு, அடுத்த வீட்டில் கடுகு பொரிவது கேட்பதே பெரிய அதிசயம். அதை முழுதாக அனுபவிப்பதற்குள் நானும் படுத்துவிட்டேன்.

அப்பா லாரி ஓட்டினார். வடக்கே லோடு போனால் திரும்பி வர வெகுநாளாகும். மாமாவின் கல்யாணத்தன்றுகூட லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டதிலிருந்து அம்மா அவரோடு பேசுவதில்லை. அப்பாவும் இறங்கி வரவில்லை. ஒரே கூடத்தில் இருந்துகொண்டு, "உங்கப்பனச் சாப்புட வரச்சொல்லு சாமி" என்பாள் அம்மா. "பசியில்லைன்னு சொல்லு கண்ணு" என்பார் அப்பா. நடுவில் நின்று நான் இரண்டையும் ஒப்பிப்பேன். எல்லா வீட்டிலும் பிள்ளைகளை இதற்காகத்தான் பெற்றுக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

முள்ளைத் தாண்டி வர அனுமதியிருந்த ஒரு நர்ஸம்மா சுவரில் ஆணியடித்துப் பாட்டிலைத் தொங்கவிட்டு என் கையில் ஊசி குத்திவிட்டுப் போனார். பாட்டிலுக்குள் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து இறங்கும் வெயில் மெல்ல நகர்ந்து என் காலுக்கு வரும், போர்வைமேல் ஏறும், போய்விடும். தூக்கமா விழிப்பா என்று எனக்கே தெரியாது.

அப்படிக் கிடந்தபோதுதான் அப்பாவின் குரல் கேட்டது. எங்கள் வீடு தெருமுனையை ஒட்டியது. வடக்கேயிருந்து லோடு முடித்துத் திரும்பியவர் முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று, வழக்கம்போல, "கண்ணூ" என்று என்னைக் கூப்பிட்டார். எனக்குக் குரல் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். அம்மா வாசலுக்குப் போனாள். நடுவில் நின்று ஒப்பிக்க இந்தமுறை நான் இல்லை.

"பாப்பா படுத்துருச்சுங்க" என்றாள் அம்மா.

"கண்ணு தொறக்குதா?"

"தொறக்குதுங்க. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்குது."

நான் கேட்கவேயில்லை. அம்மா எதற்காகப் பொய் சொல்கிறாள் என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

பிறகு தினமும் அந்தக் குரல்கள் வந்தன. இளநீர்க் குலையைக் கட்டை வண்டிமேல் வைத்துவிட்டு அப்பா தள்ளி நிற்பார், அம்மா போய் எடுத்துவருவாள். ஒரு மதியம் என் கைகால் சில்லிட்டுவிட்டது. அம்மா அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். முள் சரசரவென்று இழுபட்டது. காவலுக்கு இருந்தவர் அதட்டினார். அதற்கும் மேலே அம்மாவின் குரல் கேட்டது: "வர வேண்டாங்க! உங்களுக்கும் ஒட்டிக்கிச்சுன்னா நான் தாங்க மாட்டேனுங்க!" நர்ஸம்மா வந்து பாட்டிலை மாற்றியதும் மெல்லச் சூடு திரும்பியது. இருட்டும்வரை அப்பா அங்கேயே நின்றாராம்.

நான் தேறத் தேற அவர்கள் பேச்சும் நீண்டது. வழியெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம், மழை பெய்தால் ரோட்டுக்கு வந்து நிற்கும் மயில்கள் என்று அப்பா வடக்கத்திக் கதைகளை உரக்கச் சொல்வார். "அப்பறங்க?" என்பாள் அம்மா. பாதிக் கதை எனக்குக் கனவுக்குள்தான் நடந்தது. "இன்னுங் கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன், எங்களுக்கும் பொழுது போகட்டும்" என்று எதிர்வீட்டு அத்தை கத்தினாள். தெருவே சிரித்தது.

முள்ளை எடுத்த அன்று அப்பா உள்ளே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டாள். இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். கட்டிலில் இருந்த எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"சத்தமாப் பேசுங்கம்மா" என்றேன்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா இருமினார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சாயங்காலம் நர்ஸம்மா வந்ததும், "எங்கம்மாவுக்கும் அப்பாவுக்கும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சுங்க, மருந்து குடுங்க" என்றேன். அவர் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பெட்டியை மூடிக்கொண்டு, ஒன்றும் கொடுக்காமலே போய்விட்டார். எனக்கு அவர்மேல் வெகுநாள் கோபம்.